கார்டில் இருக்கிற கம்பெனி நிஜமாகவே இருக்கிறதா? மலையில் இருந்தபடியே தேடிப் பார்க்கும் வழி

என் சித்தப்பா கோத்தகிரியில் டீத்தூள் பாக்கெட் போட்டு விற்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், கீழேயிருந்து ஒருவர் வந்தார். வழுவழுவென்று விசிட்டிங் கார்டு, கம்பெனிப் பெயருக்குப் பின்னால் 'பிரைவேட் லிமிடெட்', பேச்சும் மரியாதையாக இருந்தது. 240 கிலோ டஸ்ட், அதாவது பொடித்தூள், வேண்டும் என்றார். எட்டாயிரம் முன்பணம் கொடுத்தார், மீதி நாற்பதாயிரத்துக்குச் செக். சரக்கு மேட்டுப்பாளையத்தில் இறங்கிய பத்தாவது நாள் செக் திரும்பி வந்துவிட்டது. கார்டில் இருந்த முகவரிக்குப் போனால் அங்கே ஒரு செல்போன் ரிப்பேர் கடை. அன்றைக்கு ராத்திரி தான் நான் முதன்முதலாக அரசாங்கத்தின் கம்பெனிப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அந்தக் கம்பெனி இருந்தது. ஆனால் அது பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும், அதுவும் காசில்லாமல்.

அதிலிருந்து ஊரில் யார் கேட்டாலும் நான் பார்த்துச் சொல்கிறேன். காட்டேஜ் புக்கிங்குக்கு அட்வான்ஸ் போடுகிறவர்கள், கேரட் அனுப்புகிறவர்கள், சாக்லேட் கடைக்குப் பெயர் வைக்கப் போகிறவர்கள் என்று எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெயரில் யாராவது இருக்கிறார்களா? நீங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆடிட்டர் தேவையில்லை, போன் போதும்.

எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாகத் தேடுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. பெயரைக் கூகுளில் போடுவார்கள், ஏதாவது ஒரு பக்கத்தில் வந்தால் 'சரி, இருக்கிறது' என்பார்கள், வராவிட்டால் 'ஃபிராடு' என்பார்கள். இரண்டுமே தப்பு. நம் நாட்டில் எல்லா வியாபாரப் பெயர்களும் இருக்கிற ஒரே பதிவேடு என்று எதுவும் கிடையாது. கம்பெனி ஓரிடத்தில், கூட்டு வியாபாரம் இன்னோரிடத்தில், கூட்டுறவுச் சங்கம் வேறோரிடத்தில் இருக்கும், தனி ஆள் நடத்தும் கடைக்குப் பெயர்ப் பதிவேடே இல்லை. அதனால் பெயரைத் தேடுவதற்கு முன்னால் அது எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயரின் வாலைப் பாருங்கள்.

'பிரைவேட் லிமிடெட்', வெறும் 'லிமிடெட்', அடைப்புக்குள் 'ஓ.பி.சி.' (ஒரே ஆள் கம்பெனி) என்று இருந்தால் அது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் வருகிறது. 'எல்.எல்.பி.' (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மை) என்று முடிந்தால் 2008-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். இந்த இரண்டுக்கும் பதிவேடு மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்திடம், அதாவது எம்.சி.ஏ.விடம் இருக்கிறது. 'அண்ட் கோ', 'அண்ட் சன்ஸ்', 'பிரதர்ஸ்', 'டிரேடர்ஸ்', 'ஏஜென்சீஸ்' என்று முடிந்தால் கூட்டாண்மையாக இருக்கலாம், ஒரே ஆளுடைய கடையாகவும் இருக்கலாம், பெயரை வைத்து மட்டும் சொல்ல முடியாது. 'எண்டர்பிரைசஸ்' என்று கம்பீரமாக போர்டு மாட்டியிருக்கிற பல இடங்கள் ஒரே ஆளுடையவைதான், அதில் தப்பும் இல்லை. பதிவு செய்யாமலே யாராவது 'லிமிடெட்' என்று போட்டுக்கொண்டால் அதுதான் குற்றம். கம்பெனிச் சட்டத்தின் 453-ஆவது பிரிவில் ஒரு நாளைக்கு 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம்.

கம்பெனியைத் தேடுவது

எம்.சி.ஏ. இணையதளத்துக்குப் போங்கள். முகவரி கண்டிப்பாக 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிய வேண்டும். கூகுளில் முதலில் வருவது பெரும்பாலும் தனியார் பக்கங்கள், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அவை எப்போதோ எடுத்த பழைய தகவலைக் காட்டிக்கொண்டிருக்கும். நேற்று நீக்கப்பட்ட கம்பெனி அங்கே இன்னும் உயிரோடு இருக்கும். அரசாங்கப் பக்கத்தில் 'எம்.சி.ஏ. சர்வீசஸ்' என்ற மெனுவுக்குள் 'வியூ கம்பெனி ஆர் எல்.எல்.பி. மாஸ்டர் டேட்டா' என்று இருக்கும். லாகின் கேட்டால் ஈமெயிலும் மொபைல் நம்பரும் கொடுத்து ஒரு கணக்கைத் தொடங்கிக்கொள்ளுங்கள், அதற்குக் காசு இல்லை. அப்புறம் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டு, கேப்சாவைத் தட்டினால் பக்கம் திறக்கும்.

பெயரைப் போடும்போது பொறுமை வேண்டும். தேடல் ஆங்கில எழுத்தில்தான், நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். கோத்தகிரிக்கு நடுவில் 'ஹெச்' போடுகிறவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. ஊட்டி, உதகை, உதகமண்டலம், ஊட்டகமண்ட் நாலும் ஒரே ஊர், ஆனால் பதிவேட்டுக்கு நாலும் வேறு வேறு சொல். நீலகிரிக்கு 'நீ'யை ஒரு 'ஐ' போட்டு எழுதியிருக்கலாம், இரண்டு 'ஈ' போட்டும் எழுதியிருக்கலாம், கடைசியில் ஒரு 'எஸ்' ஒட்டியிருக்கலாம். அதனால் முழுப் பெயரையும் அடிக்காதீர்கள். பெயரில் இருக்கும் வித்தியாசமான முதல் சொல்லை மட்டும் போடுங்கள், 'பிரைவேட் லிமிடெட்' வேண்டாம், வருகிற பட்டியலில் கண்ணால் தேடுங்கள். கிடைக்காவிட்டால் எழுத்தை மாற்றி இன்னொரு முறை. கையில் பதிவு எண் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அந்த எண்ணுக்கு சி.ஐ.என். என்று பெயர், 21 எழுத்து. கம்பெனியின் லெட்டர்ஹெட், பில் இரண்டிலும் பெயர், பதிவு அலுவலக முகவரி, போன், ஈமெயில் இவற்றோடு இந்த எண்ணையும் அச்சிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது (12-ஆவது பிரிவு). சித்தப்பாவிடம் கொடுத்த கார்டிலும் சரி, அவர்கள் அனுப்பிய ஆர்டர் தாளிலும் சரி, அந்த எண் இல்லை. அப்போது எங்களுக்கு அது இருக்க வேண்டும் என்றே தெரியாது. இப்போது கம்பெனி என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் சித்தப்பா கேட்கிற முதல் கேள்வி 'உங்க சி.ஐ.என். நம்பர் என்னங்க' என்பதுதான். உண்மையான கம்பெனிக்காரர் உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார், தயங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.

எண்ணைப் பிரித்துப் படித்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, 'யூ' என்றால் இல்லாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. அப்புறம் மாநிலத்துக்கு இரண்டு எழுத்து: இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், தமிழ்நாட்டுக் கம்பெனிக்கு 'டி.என்.' என்றுதானே வர வேண்டும், 'டி.இசட்.' (TZ) என்று வருகிறதே என்று. அது தப்பில்லை. கோயம்புத்தூர் கம்பெனிப் பதிவாளரின் எல்லையில் இருப்பவற்றுக்கு 'டி.இசட்.' தான், நம் நீலகிரியும் அதில்தான் வருகிறது, கொடைக்கானல் இருக்கிற திண்டுக்கல் மாவட்டமும் அதில்தான். அதற்கடுத்த நாலு இலக்கம் தொடங்கிய வருஷம். 'முப்பது வருஷப் பாரம்பரியம்' என்று கார்டில் போட்டிருக்கிற கம்பெனியின் எண்ணில் 2021 என்று இருந்தால், என்ன சங்கதி என்று கேட்டுப் பாருங்கள். அப்பா நடத்திய கடையை மகன் கம்பெனியாக மாற்றியிருக்கலாம், அது நியாயமான பதில். பிறகு வரும் மூன்று எழுத்து வகையைச் சொல்கிறது. 'பி.டி.சி.' (PTC) என்றால் பிரைவேட், 'பி.எல்.சி.' என்றால் பப்ளிக், 'எஸ்.ஜி.சி.' என்றால் மாநில அரசுக் கம்பெனி. குன்னூரில் இருக்கும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ கடைசி வகை. கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். எல்.எல்.பி.க்கு இப்படி நீளம் கிடையாது, மூன்று எழுத்து, ஒரு கோடு, நாலு இலக்கம், அவ்வளவுதான்.

பக்கம் திறந்ததும் பெயர் இருக்கிறதே என்று மூடிவிடாதீர்கள். நேராக 'ஸ்டேட்டஸ்' வரிக்குப் போங்கள். 'ஆக்டிவ்' என்றால் உயிரோடு இருக்கிறது. 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்றால் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், அந்தப் பெயரில் வியாபாரம் செய்யவே கூடாது. இது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம், 2017-ல் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேலான கம்பெனிகளை ஒரே மூச்சில் நீக்கினார்கள். 'லிக்விடேஷன்' என்றால் கணக்கு முடித்துக்கொண்டிருக்கிறார்கள், கடனுக்குச் சரக்கு கொடுக்க வேண்டாம். 'டார்மன்ட்' என்றால் தூங்குகிறது.

அடுத்து, கடைசி பேலன்ஸ் ஷீட் எந்தத் தேதி என்று பாருங்கள். இது எனக்கு ஸ்டேட்டஸைவிட முக்கியம். மார்ச் 31-ல் முடிகிற வருஷத்துக்குச் செப்டம்பருக்குள் பொதுக்குழு நடத்தி அதிலிருந்து முப்பது நாளில் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் பார்ப்பது பிப்ரவரி மாதம், அங்கே மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்ச் தேதி இருக்கிறது என்றால், 'ஆக்டிவ்' என்று எழுதியிருந்தாலும் உள்ளே யாரும் வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம். மூலதனத்தில் இரண்டு தொகை இருக்கும். 'ஆத்தரைஸ்டு' என்பது உச்சவரம்பு, 'பெய்டு அப்' என்பதுதான் உண்மையில் போட்ட பணம். 2015-க்குப் பிறகு குறைந்தபட்ச மூலதனம் என்று எதுவும் இல்லை, ஆகவே பத்தாயிரம் ரூபாய் போட்டும் கம்பெனி ஆரம்பிக்கலாம். சின்னத் தொகை குற்றமில்லை, ஆனால் பத்தாயிரம் மூலதனம் வைத்திருப்பவர் பத்து லட்சத்துக்குக் கடன் கேட்டால் யோசிக்க வேண்டும்.

பதிவு அலுவலகம் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறதே, எஸ்டேட் குன்னூரில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், மலையில் அது சகஜம். டைரக்டர்கள் பட்டியலைப் பாருங்கள், உங்களிடம் பேசியவர் அதில் இருக்கிறாரா? இல்லாவிட்டால் அவர் வேலைக்காரராக இருக்கலாம், புரோக்கராகவும் இருக்கலாம், யார் சார்பில் பேசுகிறார் என்று எழுத்தில் கேளுங்கள். 'சார்ஜஸ்' என்ற இடத்தில் எந்தச் சொத்தை எந்த வங்கியில் அடமானம் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். காட்டேஜோ இடமோ கம்பெனியிடமிருந்து வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், வில்லங்கச் சான்றிதழும் தனியாகப் போட்டுப் பாருங்கள். இதுவரை சொன்னது எல்லாம் இலவசம். கம்பெனி தாக்கல் செய்த கணக்கையே படிக்க வேண்டும் என்றால் 'வியூ பப்ளிக் டாக்குமெண்ட்ஸ்' என்ற வழியில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் போதும்.

பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்

நம் பக்கத்து வியாபாரத்துக்கு மிகவும் உதவுவது இதுதான். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் 'சர்ச் டேக்ஸ்பேயர்', லாகின் வேண்டாம், எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், எப்போது பதிவானது, என்ன வகை, நடப்பில் இருக்கிறதா ரத்தானதா எல்லாம் வரும். போர்டில் இருப்பது கடைப் பெயர், பணம் யாருக்குப் போகிறது என்பது சட்டப்படியான பெயர். நீங்கள் ஜி.பே.யில் அனுப்பும்போது திரையில் வருகிற பெயரும் இந்தப் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒரு பழைய பில்லை எடுத்து விரலை வைத்து எண்ணிப் பழகுங்கள். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32, கர்நாடகாவுக்கு 29. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இந்த மூன்றும் தினமும் கண்ணில் படும். அடுத்த பத்தும் பான் எண். பானின் நாலாவது எழுத்து, அதாவது மொத்தத்தில் ஆறாவது எழுத்து, ஆளைக் காட்டிக்கொடுக்கும். 'பி' (P) என்றால் தனி நபர், 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் கூட்டாண்மை அல்லது எல்.எல்.பி., 'டி' (T) என்றால் டிரஸ்ட். போர்டில் 'பிரைவேட் லிமிடெட்', பில்லில் ஆறாவது எழுத்து 'பி' என்று இருந்தால் அங்கே ஏதோ சரியில்லை. இணையம் இல்லாமலே, மழையில் டவர் போன நேரத்திலும், கடை வாசலில் நின்றபடியே இதைப் பார்த்துவிடலாம்.

ரிட்டர்ன் தாக்கல் செய்த பட்டியலும் அதே பக்கத்தில் கிடைக்கும். கடைசியாக எப்போது போட்டார்கள் என்று பாருங்கள். சின்ன வியாபாரிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடலாம், அதனால் ஒன்றிரண்டு மாதம் காணோம் என்றால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வருஷமாகக் காணோம் என்றால் விஷயம் வேறு. வகை 'காம்போசிஷன்' (சின்ன வியாபாரிகள் வரவில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) என்று இருந்தால் அவர் உங்களிடம் வரி வாங்கக் கூடாது, பில்லில் வரி தனியாகப் போட்டிருந்தால் கேளுங்கள்.

கூட்டாண்மை, கூட்டுறவு, தனிக் கடை

கூட்டாண்மை நிறுவனங்கள் 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருகின்றன. பதிவது கட்டாயமில்லை, ஆனால் பதியாத நிறுவனம் தனக்கு வர வேண்டிய பணத்துக்காகக் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது (69-ஆவது பிரிவு). பதிவேடு நம் பத்திரப்பதிவுத் துறையிடம் இருக்கிறது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். நாம் வில்லங்கம் போடுகிற அதே டி.என். ரெஜினெட் தளத்திலும் நிறுவனம், சங்கம், சீட்டு இவற்றைத் தேடும் வழி இருக்கிறது. பழைய நிறுவனங்கள் அங்கே வராமல் போனால் நேரில் போவதுதான் நல்லது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி 'நிறுவனம் இருக்கிறதா' என்பதோடு நிற்கக் கூடாது, 'இப்போது பங்குதாரர்கள் யார் யார்' என்பதும்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விலகிய அண்ணன் இன்னும் தம்பியோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் பின்னால் சிக்கல் வரும்.

பச்சைத் தேயிலை போடுகிறவர்களுக்கு ஒன்று. உங்கள் ஃபேக்டரி இண்ட்கோவைச் சேர்ந்த கூட்டுறவுத் தொழிற்சாலை என்றால் எம்.சி.ஏ.யில் தேடிப் பயனில்லை, அது கூட்டுறவுச் சட்டத்தில் பதிவானது. தனியார் ஃபேக்டரி என்றால் கம்பெனியாகவோ கூட்டாண்மையாகவோ இருக்கும், மேலே சொன்ன வழிதான். அதோடு தேயிலை வாரியத்தின் குன்னூர் அலுவலகத்திலும் அந்த ஃபேக்டரியைப் பற்றி விசாரிக்கலாம்.

தனிக் கடைக்குப் பெயர்ப் பதிவேடு இல்லை என்றேன், ஆனால் தடயம் உண்டு. சாக்லேட், வர்க்கி, தூள் என்று சாப்பிடுகிற பொருள் விற்கிறவரானால் பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் சிறு வியாபாரிக்கான பதிவு. அடுத்த இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயரும் முகவரியும் வரும். சிறுதொழில் பதிவான 'உத்யம்' சான்றிதழைக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர், அதையும் இணையத்தில் சரிபார்க்கலாம், ஆனால் அது சுய அறிவிப்பில் கிடைப்பது, அதை மட்டும் நம்பிச் சரக்கு ஏற்ற வேண்டாம். இந்த எதிலும் இல்லாத ஒரு சின்னக் கடைக்காரர் நேர்மையானவராக இருக்கலாம். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்துக்குள் என்றால் பொதுவாக ஜி.எஸ்.டி.யே தேவையில்லை. அவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்து, அவரோடு கைக்காசுக்கு வியாபாரம் செய்யுங்கள்.

நீங்களே பெயர் வைக்கப் போகிறீர்கள் என்றால்

போன மாதம் ஒரு பெண் ஹோம்மேட் சாக்லேட்டுக்குப் பெயர் கேட்டு வந்தார். மலையில் எல்லோருக்கும் தோன்றுவதுதான் அவருக்கும் தோன்றியிருந்தது: நீலம், பனி, மலை, ராணி. எம்.சி.ஏ.யில் பார்த்தோம், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். 'பின்னால் ஊட்டி என்று சேர்த்துக்கட்டுமா அண்ணா?' என்றார். சேர்த்தால் போதாது. ஏற்கெனவே இருக்கும் பெயரோடு ஓர் ஊர்ப் பெயரை ஒட்டுவது, பன்மையாக்குவது, எழுத்தைக் கொஞ்சம் மாற்றுவது, சொற்களை முன்பின்னாகப் போடுவது, 'டாட் காம்' சேர்ப்பது, மொழிபெயர்ப்பது எதுவுமே புதுப் பெயராகாது என்று விதியிலேயே இருக்கிறது. கம்பெனி தொடங்கும்போது ஸ்பைஸ் பிளஸ் படிவத்தின் முதல் பகுதியில் இரண்டு பெயர் வரை கேட்கலாம், கட்டணம் 1,000 ரூபாய், ஒப்புக்கொண்டால் 20 நாள் உங்களுக்காக வைத்திருப்பார்கள்.

கம்பெனிப் பதிவேட்டில் பெயர் காலியாக இருப்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. டிரேட்மார்க் பதிவேட்டையும் பார்க்க வேண்டும், அதுவும் இலவசம். அங்கே பொருளுக்குத் தகுந்த வகுப்பு எண் போட்டுத் தேட வேண்டும்: டீ, காபி, சாக்லேட், மசாலா எல்லாம் 30, தங்கும் விடுதியும் ஹோட்டலும் 43, மருந்தாக விற்கிற தைலம் 5. சொல்லாகத் தேடிவிட்டு, 'ஃபொனெட்டிக்' என்ற வழியில் உச்சரிப்பை வைத்தும் ஒரு தடவை தேடுங்கள், எழுத்து வேறாக இருந்தாலும் காதுக்கு ஒன்றாகக் கேட்டால் ஆட்சேபம் வரும். தனி நபருக்கு, சிறு தொழிலுக்கு இணையத்தில் விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவானால் பத்து வருஷம். அந்தப் பெண் கடைசியில் தன் பாட்டி பெயரை வைத்தார், வகுப்பு 30-ல் யாரும் இல்லை.

பணம் போடச் சொன்னால்

பதிவான கம்பெனி என்பதாலேயே பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறது என்று ஆகாது. இதை நான் எவ்வளவு சொன்னாலும் தகும். ஈமுக் கோழி, மரம் வளர்ப்பு என்று கொங்குப் பக்கம் நடந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள், அதில் அசோகச் சின்னமும் இருக்கும், அது கம்பெனி பிறந்ததற்கான தாள் மட்டுமே. டெபாசிட் என்றால் ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் அவர்கள் பெயர் இருக்கிறதா, டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் பதிவானதா என்று பத்திரப்பதிவுத் துறையில் கேளுங்கள்.

பார்த்ததைச் சேமித்து வைப்பதும் ஒரு வேலைதான். ஸ்டேட்டஸ் தெரிகிற திரையைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு ஒரே இடத்தில் வையுங்கள். செக் திரும்பினால் வங்கியின் தாள் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அப்போது பதிவு அலுவலக முகவரியும் டைரக்டர் பெயர்களும் வக்கீலுக்கு உடனே தேவைப்படும். கம்பெனியை நீக்கியிருந்தாலும் டைரக்டர்களின் பொறுப்பு போய்விடாது, எங்கள் விஷயத்தில் அதை வைத்துத்தான் வக்கீல் நோட்டீஸ் தயார் செய்தார்.

சித்தப்பா இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். வாங்குகிறவர் பெயர், எண், பார்த்த தேதி, ஸ்டேட்டஸ். வழக்கமாக வாங்குகிறவர்களையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்கிறோம். ஓடிபி வராத மழை நாளில் அவர் கார்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார், நான் பார்த்துச் சொல்கிறவரை லாரியில் மூட்டை ஏறாது.